ஸ்டியரிங் யார் கையில்?

நம்ம ஆட்கள் அமெரிக்காவில் ரோட் ட்ரிப் போகிற அழகு உங்களுக்குத் தெரியாததா? நாலு குடும்பம், ரெண்டு வேன், டிக்கியில் ரைஸ் குக்கர், அண்டா சைஸ் டப்பாவில் புளியோதரை. முன் சீட் ரெண்டிலும் ஆம்பளைங்க. நடுவில் நாம, கடைசி வரிசையில் வாந்தி எடுக்கிற பிள்ளைகள். டல்லாஸ் பக்கம் வந்து பதினோரு வருஷத்தில் இப்படி எட்டு ட்ரிப் போயிருப்பேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் ஒரு காரில் நாலு நாள் போனார்கள் என்று எங்கள் வட்டாரத்தில் கேள்விப்பட்டதில்லை. போகிறோம் என்று நான் சொன்னபோது ஒரு தோழி குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாப்பா?" என்று கேட்டாள்.

பிரச்சினை இல்லாமலும் போகலாம் என்பதுதான் என் கட்சி. அதிலும் விமானம் ஏறி கான்கூன் போவதல்ல, காரில் போக வேண்டும். முக்கியமாக, பாதி தூரம் மனைவி ஓட்ட வேண்டும்.

இந்த 'பாதி தூரம்' கேட்க ஈஸி. எச்4 விசாவில் இருக்கிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். டெக்சஸில் நமக்குக் கொடுக்கிற லைசென்ஸ், விசாக் கெடு முடிகிற தேதியோடு முடிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் இழுத்தடித்தால் லைசென்ஸும் இழுக்கும். ஒரு தடவை ஐந்து மாதம் வண்டியைத் தொடாமல் இருந்தேன். அதன் பிறகு பயம் வந்துவிட்டது. ஸ்கூல், இந்தியன் ஸ்டோர், கோவில் என்று எனக்கென ஒரு வட்டம் விழுந்தது. ஹைவே என்றால் அவர்தான். நானும் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாசஞ்சர் சீட்டில் தூங்குவது சுகம்.

போன அக்டோபரில் கிளம்பினோம். ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் அம்மாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான். இதில் எனக்கு உறுத்தல் உண்டு. பெற்றவர்களை ஊரிலிருந்து வரவழைத்து ஆயா வேலை பார்க்க வைக்கிறோம் என்று நம்மைப் பற்றிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்மா, "நாலு நாள்தானேடி, போயிட்டு வா" என்றார். அவரால் வண்டி ஓட்ட முடியாது என்பதால் ஸ்கூல் டிராப்பைப் பக்கத்து வீட்டுத் தோழி ஏற்றுக்கொண்டாள். பதிலுக்கு அடுத்த மாதம் அவள் பிள்ளைகள் நாலு நாள் எங்கள் வீட்டில். இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் யாரும் கிளம்ப முடியாது.

முதல் நாள் ஆஸ்டின், இருநூறு மைல். வழியில் வெஸ்ட் என்று ஒரு ஊர், செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊர். அங்கே 'கொலாச்சி' என்று ஒரு பன், நடுவில் பழமோ கசகசாவோ வைத்திருப்பார்கள். முட்டை சாப்பிடுகிற சைவக்காரர்கள் சாப்பிடலாம். ஆஸ்டினில் காலை டாக்கோ வாங்கும்போது மட்டும் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாயங்காலம் காங்கிரஸ் அவென்யூ பாலத்தடியிலிருந்து வௌவால்கள் கிளம்புவதைப் பார்த்தோம். கோடையில் பதினைந்து லட்சம் வரை இருக்குமாம். நாங்கள் போனது சீசன் முடிகிற நேரம், அப்படியும் வானத்தில் புகை மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ராத்திரி ஆறாவது தெருவில் பாட்டுக் கச்சேரி. காது அடைத்தது, அவருக்குப் பிடித்தது.

மறுநாள் பிரெடெரிக்ஸ்பர்க் தாண்டி ஐ-10 பிடித்ததும் அவர் வண்டியை ஓரங்கட்டி, "இந்தா, நீ ஓட்டு" என்றார். மணிக்கு 80 மைல் அனுமதி. நேர்ரோடு, வளைவே கிடையாது. முதல் அரை மணி நேரம் என் தோள்பட்டை காது வரை ஏறியிருந்தது. அப்புறம் இறங்கியது. போர்ட் ஸ்டாக்டனில் டேங்கை ரொப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் பெட்ரோல் பங்க்கும் குறைவு, போன் சிக்னலும் குறைவு.

அந்தச் சிக்னல் இல்லாத இடத்தில்தான் அவர் சொன்னார். ஆபீஸில் ஆட்குறைப்பு வருகிறது, தன் டீம் பெயரும் அடிபடுகிறது, தெரிந்து மூணு வாரமாச்சு என்று. வேலை போனால் எச்1பி-யில் இருப்பவருக்கு 60 நாள்தான் கெடு, அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்க சொல்றது? ஹால்ல அத்தை, ரூம்ல பசங்க. நீ படுத்தா உடனே தூங்கிடற" என்றார். கோபம் வந்தது, ஆனால் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் பேசினோம். எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, ஊருக்குத் திரும்பினால் எந்த ஊர், பெரியவளுக்குத் தமிழ் வாசிக்க வருமா, எல்லாம். வீட்டு டைனிங் டேபிளில் எதிரெதிரே உட்கார்ந்து இதைப் பேசியிருந்தால் பத்தாவது நிமிடம் சண்டையாகியிருக்கும்.

பிக் பெண்ட் நேஷனல் பார்க்கை வர்ணிக்கிற கட்டுரைகள் நிறைய உண்டு, நான் விட்டுவிடுகிறேன். 1944-ல் ஏற்படுத்திய பார்க். ராஸ் மேக்ஸ்வெல் ரோட்டில் 30 மைல் போனால் சாண்டா எலெனா பள்ளத்தாக்கு, 1,500 அடிக்குச் செங்குத்தான பாறை, நடுவில் ரியோ கிராண்டே ஆறு. அக்கரை மெக்சிகோ. ராத்திரி வானத்தைப் பார்த்துவிட்டு அவர், "சின்ன வயசுல மொட்டை மாடில பார்த்தது" என்றார். அவ்வளவு நட்சத்திரம்.

கடைசி நாள் லஹிடாஸிலிருந்து பிரெசிடியோ வரை ஆற்றோரம் ஐம்பது மைல் ரோடு. ஒரு இடத்தில் 15 சதவீத ஏற்றம். கொல்லிமலைக் கொண்டைஊசி வளைவுகளில் போனவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் ஓட்டியது நான். அவர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை விடவே இல்லை.

பேப்பர் விஷயம் ஒன்று. பார்க்கிலிருந்து வடக்கே திரும்புகிற ரோடுகளில் பார்டர் பெட்ரோல் செக்பாயிண்ட் உண்டு. எல்லையைத் தாண்டவே இல்லையென்றாலும் நிறுத்திக் கேட்பார்கள், 1976-லேயே சுப்ரீம் கோர்ட் இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் பழைய சட்டம்தான். 2025-லிருந்து அதைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். பாஸ்போர்ட், ஐ-94, ஐ-797 மூன்றையும் கார் டேஷ்போர்டில் வையுங்கள், போனில் படம் இருக்கிறது என்று கிளம்பாதீர்கள். எங்களை மார்ஃபாவுக்குத் தெற்கே நிறுத்தினார்கள். வண்டி ஓட்டியவள் நான் என்பதால் கேள்வியும் எனக்குத்தான். என்ன விசா, எங்கிருந்து வருகிறீர்கள், அவ்வளவுதான், ரெண்டு நிமிடம். பதினோரு வருஷத்தில் ஒரு அதிகாரி அவரை விட்டு என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து மூடியதைப் பார்த்தேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் அதிசயமாகத் தெரியலாம். அவர்களுக்குப் பதினாறு வயதிலேயே கார் சாவி கிடைத்துவிடுகிறது. உங்கள் அம்மா ஹைவேயில் ஓட்டுவாரா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். ஓட்டமாட்டார் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

திரும்பும்போது மார்ஃபாவிலிருந்து மிட்லண்ட் வரை அவர். அங்கிருந்து வீடு வரை, ஐந்து மணி நேரம், நான். அவர் தூங்கிக்கொண்டு வந்தார்.