கொல்லன் தெருவை மறந்தவர்க்கு நியூகாசில் எதற்கு?

‘நியூகாசிலுக்கு நிலக்கரி சுமப்பதுபோல’ என்று ஒருவர் தமிழில் எழுதுகிறார் எனக் கொள்வோம். எழுத்து தமிழ்தான்; ஆயின் அது தமிழாமோ? நாற்று நடும் நம் உழவர்க்கு நியூகாசில் ஊரா, ஆளா என்பது தெரியுமா? அங்குக் கரி சுமந்தால் நன்றா, தீதா என்பதுதான் விளங்குமா?

அத்தொடரின் வரலாற்றைப் பாருங்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில், தைன் ஆற்றங்கரையில் உள்ளது நியூகாசில். பல நூற்றாண்டுகளாக அங்கிருந்தே இலண்டன் மாநகரின் அடுப்புகளுக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி சென்றது. கரி விளையும் இடத்துக்கே கரி கொண்டு செல்வது வேண்டா வேலை, அவ்வளவே பொருள். 1662இல் வெளிவந்த தம் நூலில், தாமசு புல்லர் என்னும் ஆங்கிலேயரே இத்தொடருக்கு விளக்கம் எழுதினார்! இன்றோ அதன் அடிப்படையே தகர்ந்துவிட்டது. வடகிழக்கு இங்கிலாந்தின் இறுதி ஆழ்சுரங்கமாகிய எலிங்டன் 2005இல் மூடப்பட்டது. அவர்கள் மண்ணிலேயே வேரற்றுப்போன தொடரை நம் மண்ணில் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதா?

‘நெய்வேலிக்கு நிலக்கரி’ என மாற்றினால் போதாதோ என்பர் சிலர். ஊரை மாற்றினாலும் ஊன்றுகோல் ஆங்கிலமன்றோ? வேறு சிலர் ‘விழலுக்கு இறைத்த நீர்’ என்பர். அது பொருளறியாப் பிழை. விழலுக்கு இறைப்பது தகாத இடத்தில் உழைப்பைப் பாழாக்குவது. இதுவோ நிறைந்த இடத்தில் மேலும் கொட்டுவது. அதற்கென்றே நம் முன்னோர் வைத்துச்சென்ற தொடர், ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’! இதற்கு உரையும் வேண்டா, வரைபடமும் வேண்டா. சொல்லே பொருளை உரைத்துவிடுகிறது.

பிறமொழித் தொடர் வந்தால் தமிழ் வளராதோ என்று வினவுவோர்க்கும் விடை உண்டு. இல்லாததைக் கொள்வது வளம்; இருப்பதைத் தள்ளிவிட்டுக் கொள்வது இழப்பு. ஆங்கிலம் கற்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. ஆழக் கற்க வேண்டும் என்றே சொல்கிறோம். ஆழக் கற்றவன் கருத்தை எடுப்பான். அரைகுறையாய்க் கற்றவனே சொல்லைச் சுமப்பான்.

எனவே, தமிழ் இளைஞர்களே! ஓர் ஆங்கிலத் தொடரைக் கண்டால் முதலில் அதன் பொருளைத் துருவுங்கள். பின்னர் அகரமுதலியை மூடிவிட்டு, ‘இதை என் பாட்டி எப்படிச் சொல்லியிருப்பாள்?’ என்று உங்களையே கேளுங்கள். தொடர்வளம் கொழிக்கும் தமிழுக்குக் கடன்தொடர் சுமந்து வருவோரே! நீங்கள் செய்வதுதான் கொல்லன் தெருவில் ஊசி விற்பது!