தலைவனுக்குரிய முதல் வினா

பலர் ஓரிடத்துக் கூடிய துணையானே அது குழுவாகிவிடாது. இடர் வந்துழியும் பிரியாது நின்று, எடுத்த வினையை முடிப்பதே குழு எனப்படும். அத்தகைய குழுவை ஆக்குவது தலைவனது ஆணை என்பர் சிலர். அவனது ஆற்றல் என்பர் வேறு சிலர். தவறு செய்தானை ஒறுக்குமுன், ‘ஏன் இங்ஙனம் செய்தாய்?’ என்று வினவும் பண்பே தலைமைக்கு அடிப்படை என்பது என் துணிபு. இத்துணிபிற்குச் சான்றாக நிற்பது கொடும்பாளூர்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலைக்கு அணித்தே உள்ளது அவ்வூர். மதுரைக்கு வழி மூன்றாகப் பிரியும் இடத்தைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் அதனைக் கொடும்பை எனக் குறிக்கின்றது. அங்கிருந்து கோனாட்டை ஆண்ட வேளிர் மரபில் தோன்றியவர் இடங்கழியார். 63 நாயன்மாருள் ஒருவர். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறுகின்றார்.

அடியார்க்கு உணவளிப்பதையே நோன்பாகக் கொண்ட ஒருவர், கைப்பொருள் முற்றும் இழந்தார். வேறு வழி காணாது, நள்ளிரவில் அரசனது நெற்கொட்டாரத்துட் புகுந்து நெல்லைக் கவர்ந்தார். காவலர் பிடித்து மன்னன்முன் நிறுத்தினர். மன்னர் வாளை எடுத்தாரல்லர், காரணத்தை வினவினார். அடியாரை உண்பிக்கும் பணி முட்டுப்பட்டமையால் இது செய்தேன் என்றார் அவர். அது கேட்ட மன்னர் அவரை விடுவித்ததோடு அமையாமல், நெல்லேயன்றிப் பிற செல்வங்களையும் அடியார் எடுத்துக்கொள்ளலாம் என நாடெங்கும் பறையறைவித்தார்.

இதன்கண் அவர் செய்தவை மூன்று. முதற்கண் வினவினார். பின்னர்த் தம் கொட்டாரத்தின் பூட்டே அக்குற்றத்திற்கு ஒரு காரணம் என்பதை உணர்ந்தார். அதன்பின் ஒருவனை மன்னித்தலோடு நில்லாது, ஒழுங்கையே மாற்றி அதனைப் பலரறியக் கூறினார். மன்னிப்பு ஒருவனுக்கே உதவும். ஒழுங்கைத் திருத்துதலோ அனைவர்க்கும் உதவும்.

இவ்வுண்மையை ஏட்டில் மட்டும் கற்றிருந்தேன்; இழப்பினாற் பின்னர் உணர்ந்தேன். சென்ற ஆண்டு விடுதிச் சடுகுடுக் குழுவிற்கு யான் தலைவனாக இருந்தேன். தோழர் ஒருவர் காலைப் பயிற்சிக்கு நாள்தோறும் பிந்தி வந்தார். காரணம் கேளாமல், அனைவர் முன்னும் கடிந்து அவரை நீக்கினேன். குழு அடங்கிற்று, ஒழுங்கு நிலைபெற்றது என்று மகிழ்ந்தேன். இறுதிப் போட்டியின் நடுவே மற்றொருவர் கால் மடங்கி விழுந்தார். மூன்று நாட்களுக்கு முன்னரே அவர் கணுக்கால் சுளுக்கியிருந்ததாம். ஏன் மறைத்தீர் என்றேன். ‘சொன்னால் என்னையும் நீக்கிவிடுவீர் என்று அஞ்சினேன்’ என்றார். ஆட்டத்தில் தோற்றோம். நீக்கப்பட்டவரோ, விடியலில் வீடுதோறும் செய்தித்தாள் இட்டு விடுதிக் கட்டணம் ஈட்டிவந்தவர். பயிற்சியை ஒரு நாழிகை பிந்தித் தொடங்கியிருந்தால் அவரை இழந்திரோம். அவரிடம் மன்னிப்பு வேண்டினேன், மன்னித்தார். ஆயினும் குழுவிற்கு மீண்டிலர்.

யான் ஒழுங்கு என்று எண்ணியது அச்சமே. அச்சம் ஆளும் குழுவில் குற்றம் ஒழிவதில்லை, ஒளிந்துகொள்கின்றது. ஒளிந்த குற்றம் வெளிப்படுவதோ, குழு தன் வலி முழுதும் வேண்டிநிற்கும் வேளையில்.

எல்லாரிடமும் காரணம் வினவத் தொடங்கின் கட்டுப்பாடு தளருமே எனச் சிலர் வினவலாம். கொடும்பாளூர்க் காவலர் தம் கடமையில் தவறினாரல்லர். கள்வரைப் பிடித்தே கொணர்ந்தனர். வினவுதல் வேறு, விட்டுவிடுதல் வேறு. காரணம் பொய்யாயின் ஒறுத்தலும் தலைவன் கடனே. எங்கள் திருமறையும் இம்முறையையே காட்டுகின்றது. ஆதியாகமத்தில், விலக்கிய கனியை உண்டு மரங்களிடையே மறைந்த ஆதாமைக் கடவுள் முதலில் வினவினார், அதன்பின்னரே தீர்ப்பளித்தார். எல்லாம் அறிந்த இறைவனே வினவினான் என்றால், ஒன்றும் அறியாத நாம் வினவாமல் தீர்ப்பளித்தல் தகுமோ?

கொடும்பாளூரில் ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மூவர் கோயில் இன்றும் உள்ளது. பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் எடுத்த மூன்று விமானங்களுள் இரண்டே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளமே எஞ்சியது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அம்மரபினரின் போர் வெற்றிகளை அடுக்கிக் கூறுகின்றது. அக்கல்வெட்டே, மல்லிகார்ச்சுனர் என்னும் துறவிக்கு மடம் அளித்து, 50 துறவியர் உண்ணும்பொருட்டு 11 ஊர்களை விட்ட செய்தியையும் கூறுகின்றது. அப்போர்களின் பெயரை ஆராய்ச்சியாளரே இன்று அறிவர். நெற்கொட்டாரம் திறந்த கதையையோ தமிழகம் மறந்திலது.

ஆதலின் நம் கல்லூரியில் விளையாட்டுக் குழுவிற்கோ, மன்றத்திற்கோ, விடுதிக்கோ தலைமை ஏற்கும் தோழர்காள்! ஒருவரை நீக்குமுன் அவரைத் தனியே அழைத்து, அருகிருந்து, காரணம் வினவுமின். அவர் கூறும் விடையில் நும் பூட்டின் குற்றமும் புலப்படுமாயின், நாணாது அதனைத் திறமின்.