புல்வெளி தரிசு அல்ல

மரம் நட்டால் காடு மீளும் என்பது கேள்விக்கு இடமில்லாத உண்மைபோல் சொல்லப்படுகிறது. ஆனால் நீலகிரியிலும் பழனி மலையிலும் இயற்கையைச் சிதைத்ததே மரம் நடுதல்தான்.

இம்மலைகளின் உயரப் பகுதியில் மடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்வெளியும் இயல்பாகவே அடுத்தடுத்து அமைந்தவை. புல் இருக்கும் இடமெல்லாம் மரம் வெட்டப்பட்ட இடம் என்பது தவறு. நீலகிரியின் சதுப்புப் படிவங்களை ஆராய்ந்தபோது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்தது தெரியவந்தது.

ஆங்கிலேய ஆட்சி இப்புல்வெளியைத் தரிசாகக் கருதியது. 1840களில் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) விறகுக்காக வந்தது. சீகையும் (வாட்டில்) வந்து சேர்ந்தது. விடுதலைக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கை இழைக்கான மரக்கூழுக்கும் இத்தோட்டங்கள் சரிவுகளில் பரவின. வரையாட்டின் மேய்ச்சலும், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும், தோடர்களின் எருமை மந்தைகளும் ஒதுங்கின.

மரம் நீரைக் காக்கும் என்ற வாதமும் இங்கே நிற்கவில்லை. நீலகிரியின் கிளென்மார்கனில் ஒரு நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டில் ஓடைநீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரம் கரிமத்தைச் சேர்க்கும் என்பது சரி. புல்வெளியும் சேர்க்கிறது, மண்ணுக்கடியில். காட்டுத்தீயில் மரத்தின் கரிமம் காற்றில் கலக்கும். மண்ணின் கரிமம் பெரும்பாலும் தங்கும்.

அதற்காக அயல் மரத்தையெல்லாம் உடனே வெட்டிச் சாய்ப்பதும் மரம் நட்டதைப் போன்ற அவசரம்தான். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும்; மரத்தை வெட்டினாலும் தீ வைத்தாலும் கூட்டமாக முளைக்கும். மேலும், பழனி மலையில் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வளர்கின்றன. அத்தகைய தோப்பை வெட்டுவது முளைக்கும் சோலையையும் சேர்த்து வெட்டுவதாகும்.

ஆகவே மீட்பு இடத்துக்கு இடம் மாறும். புல் இன்னும் எஞ்சியுள்ள சரிவில், பரவி வரும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க வேண்டும். புல் முற்றிலும் அழிந்த இடத்தில், மரத்தை நீக்கிய பின் உள்ளூர்ப் புல்லை நட வேண்டும். சோலை விளிம்பில் சோலை மரக் கன்றுகளைக் காத்துக் காத்திருக்க வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு இந்த வேலையை அளக்க முடியாது. கோடையிலும் ஓடும் ஓடை, திரும்பி வரும் வரையாடு, தானாக முளைக்கும் சோலைக் கன்று ஆகியவையே அதற்கு அளவுகோல்.