ஆளில்லாத சுல்தானா

மிசிசிப்பி ஆற்றில் ஓடிய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களை மரத்திலும் பித்தளைக் கம்பியிலும் சிறிதாக்கிச் செய்வோரின் பொறுமையை நாம் வியக்கிறோம். 260 அடி நீளமுள்ள சுல்தானா, 96இல் ஒரு பங்காக்கினால் 32.5 அங்குலமே. இரு புகைபோக்கிகள், பக்கச் சக்கரங்கள், கைப்பிடிக் கம்பிகள் என எதுவும் தவறுவதில்லை. ஆனால் இத்தகைய மாதிரிகளின் தளங்களில் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. நமக்கு உடன்பாடில்லாதது இதுவே.

1863இல் சின்சினாட்டியில் கட்டப்பட்ட அக்கப்பல் சட்டப்படி ஏற்றத்தக்கோர் 376 பேர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஏப்ரலில், சிறைமீண்ட வடபுலப் படைவீரர் உட்பட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஏற்றப்பட்டனர். தலைக்கு இவ்வளவு என்று அரசு கட்டணம் தந்தது. பழுதுற்ற கொதிகலனுக்கு விக்ஸ்பர்க்கில் ஒட்டுப்போட்டுப் பயணத்தைத் தொடர்ந்தனர். ஏப்ரல் 27 அதிகாலை, மெம்ஃபிஸுக்கு வடக்கே கொதிகலன்கள் வெடித்தன. 1,100 பேருக்கு மேல் மாண்டனர்.

முந்தைய நாள் ஹெலெனாவில் எடுத்த ஒளிப்படம் எஞ்சியுள்ளது. அதில் தளமெங்கும் மனிதர்கள். கம்பிகளை எண்ணி வைக்கும் கைகள் அவர்களை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? அந்த அளவில் ஒரு மனிதன் முக்கால் அங்குலம்கூட இல்லை. இரண்டாயிரம் உருவங்களைச் செதுக்குவது பெரும்பாடு. கப்பலின் அழகும் மறையும் என்பர். மறையட்டும். வெறுமையான மாதிரி சுல்தானாவின் வடிவைக் காட்டும். அதன் பெயர் ஏன் நிலைத்தது என்பதைக் காட்டாது.