பம்ப்பை மாற்றும் முன் கசிவைத் தேடுங்கள்!

‘‘எங்கள் டிராக்டரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் அடிக்கடி குறைந்து, ஸ்டீயரிங் கனமாகிவிடுகிறது. பம்ப்பையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?’’

- வாசகர், மன்னார்குடி.

‘‘அவசரப்பட வேண்டாம். ஆயில் குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். பம்ப்பில் சத்தமும் வரும். முதலில் கசியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

ஆயில் டேங்க், பம்ப், ஹோஸ்கள், முன் அச்சில் உள்ள ஸ்டீயரிங் சிலிண்டர் ஆகியவற்றைப் பிசுக்கு போகத் துடையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சில முறை திருப்புங்கள். பிறகு, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும் என்பதால், ஈரம் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அங்குதான் கசிவு.

ஹோஸ் இணைப்பில் கசிந்தால், நட்டை இறுக்கினாலோ, வாஷரை மாற்றினாலோ பெரும்பாலும் நின்றுவிடும். வெடிப்புவிட்ட ஹோஸை மாற்றித்தான் ஆக வேண்டும். சிலிண்டர் ராடு ஓரம் கசிந்தால், சீல் தேய்ந்திருக்கும். சேற்று உழவு முடிந்ததும் ராடைக் கழுவாவிட்டால், காய்ந்த மண் சீலை அறுத்துவிடும். ராடில் கீறல் இருந்தால் புது சீலும் நிலைக்காது. பம்ப் ஷாஃப்ட் ஓரம் கசிந்தாலும், முதலில் சீலை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

இன்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தில் பீறிடும் ஆயில், தோலுக்குள் புகுந்துவிடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால், விரலையே எடுக்க வேண்டி வரலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கையேட்டில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.’’