பதக்கம் வரட்டும், முட்டியும் இருக்கட்டும்

பேரப் பிள்ளைகளை ஸ்கேட்டிங் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும் தாத்தா பாட்டிகளுக்காக இதை எழுதுகிறேன். அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அந்தப் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது. பிள்ளை சுற்றுகிற ஒரு மணி நேரமும் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும் நாம்தான். ஆகவே கேள்வி கேட்க வேண்டியதும் நாம்தான் என்பது என் கட்சி.

இந்த விளையாட்டின் மேல் ஆசை வந்ததில் தப்பே இல்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் 3000 மீட்டர் ரிலேயில் வெண்கலம் வாங்கிய நால்வரில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் இருவரும் நம் தமிழ்நாட்டுப் பெண்கள். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். இதைக் கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் காலில் சக்கரம் கட்டத் தோன்றாது?

நான் பயப்படுவது விழுவதைப் பற்றி அல்ல. அதற்கு ஹெல்மெட் இருக்கிறது, முட்டிக்கும் முழங்கைக்கும் உறை இருக்கிறது. விழாமலே வருகிற வலியைப் பற்றித்தான் சொல்கிறேன். ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்து, ஓய்வு கொடுக்காமல் மறுநாளும் செய்தால், தசைநாரும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக நோகும். வெளியே காயம் தெரியாது. அதனால் பிள்ளை சொன்னாலும் நாம் நம்ப மாட்டோம்.

ஸ்கேட்டிங் தடத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக. எல்லா வளைவும் இடப்பக்கமே. ஒவ்வொரு வளைவிலும் வலது கால் இடது காலைத் தாண்டி விழும். இடது கால் அடியில் வலப்பக்கமாகத் தள்ளும். இரண்டு காலுக்கும் வேறு வேறு வேலை. மாதக்கணக்கில் இப்படியே போனால் இடுப்பும் கணுக்காலும் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் இன்னொரு மாதிரியும் ஆகிவிடும்.

1935இல் சிகாகோவில் பிறந்த ரோலர் டெர்பியும் இதே கதைதான். இப்போது பல நாடுகளில் பெண்கள் ஐந்து ஐந்து பேராக மோதி ஆடுகிறார்கள். அதிலும் இடப்பக்கச் சுற்றுதான். ஓர் ஆட்டச் சுற்று இரண்டு நிமிடம் வரை போகும். அவ்வளவு நேரமும் முட்டியை மடக்கி, அரை உட்காரலில் எதிராளியை இடுப்பாலும் தோளாலும் தள்ள வேண்டும். முட்டியை மடக்காமல் முதுகை மட்டும் வளைத்து நின்றால் பாரம் முழுக்க அடிமுதுகில் இறங்கும்.

இதை நமக்கு வெளிநாட்டுக்காரர் வந்து சொல்லித்தர வேண்டுமா? கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை தூக்குகிற ஆளுக்கு மேஸ்திரி முதலில் சொல்வது, குனிந்து தூக்காதே, உட்கார்ந்து எழு, தொடை தூக்கட்டும் என்பதுதான். சும்மாடு வைத்துக் கழுத்தை நேராக வைத்து நடப்பதும் அதே கணக்கு. வழக்கமாக ஒரே தோளில் சுமந்தவர்கள் ஐம்பது வயதில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்ததையும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு வயிற்றுப்பாடு, வேறு வழியில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன கட்டாயம்?

ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது இவற்றைக் கவனியுங்கள். முட்டி மடங்கும்போது அது கால்விரல் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. கால் பக்கவாட்டில் தள்ள வேண்டும், பின்பக்கம் உதைக்கக் கூடாது. தொடங்கும் முன் உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிடமாவது கொடுக்கிறார்களா, பயிற்சியில் வலப்பக்கமும் கொஞ்ச நேரம் சுற்ற விடுகிறார்களா என்று பாருங்கள். அப்புறம் ஷூ. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். பள்ளிக்கூடச் சட்டைக்கு அது சரி, ஸ்கேட்டிங் ஷூவுக்கு ஆகாது. உள்ளே கால் ஆடினால் கணுக்கால் சாயும், பின்னாலேயே முட்டியும் சாயும்.

ஓய்வுக்கும் கணக்கு உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது அந்த ஒரே விளையாட்டிலிருந்து விடுப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாரப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பதும் விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்குதான். ஒன்பது வயதா, ஒன்பது மணி நேரம். ஐந்து வயதா, ஐந்து. விடுப்பில் சும்மா படுத்திருக்க வேண்டியதில்லை. கபடி ஆடட்டும், நீந்தட்டும். உடம்புக்கு வேறு வேலை கிடைக்கும்.

வலிக்காமல் பதக்கம் வருமா என்று சில கோச்கள் கேட்பார்கள். உழைத்த தசை வலிக்கத்தான் செய்யும், இரண்டு நாளில் போய்விடும். ஆனால் முட்டிச் சிப்பிக்குக் கீழே ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற வலி வேறு. வளர்கிற வயதில் அந்த இடத்து எலும்பு இன்னும் முழுசாக முற்றவில்லை. தொடைத்தசை இழுத்து இழுத்து அங்கே புடைப்பு வரும். தைலம் தேய்த்து மறுபடி அனுப்புவது வைத்தியமாகாது. பயிற்சியைக் குறைத்து எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கோச்சிடம் சண்டை போடச் சொல்லவில்லை. மெடலைப் பற்றிக் கேட்கும் முன், தம்பி, ரெண்டு பக்கமும் சுத்த விடுறீங்களா, ரெஸ்ட் எந்த நாள் என்று கேளுங்கள். நல்ல கோச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எரிந்து விழுகிறவரிடம் பிள்ளையின் முட்டியை ஒப்படைக்க வேண்டாம்.

மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுகிற நமக்குத் தெரியாதா முட்டியின் அருமை?