வைத்தியத்தின் கடிவாளம் யார் கையில்?

நோயாளி ஒருவரைப் பரிசோதிப்பதற்கு எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியரா அல்லது அவர் பணிபுரியும் சிகிச்சை நிலையத்தில் முதலீடு செய்தவரா? ஐக்கிய அமெரிக்காவின் சட்டமன்றங்களையும் நீதிமன்றங்களையும் அண்மைக் காலமாக ஆட்கொண்டுள்ள கேள்வி இதுவாகும்.

வைத்தியர்கள் பலர் பங்காளிகளாக ஒன்றிணைந்து கூட்டு வைத்திய நிலையங்களை நடத்துவது அந்நாட்டின் நீண்டகால வழக்கமாகும். அவ்வழக்கம் வேகமாக அருகி வருகின்றது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்வுகளின்படி, 2012 இல் 60.1 வீதமான வைத்தியர்கள் தமக்கோ தமது சக வைத்தியர்களுக்கோ சொந்தமான நிலையங்களில் பணியாற்றினர். 2024 இல் அது 42.2 வீதமாகக் குறைந்துள்ளது. எஞ்சிய நிலையங்களில் பல வைத்தியசாலைகளினதும் காப்புறுதி நிறுவனங்களினதும் தனியார் முதலீட்டு நிதியங்களினதும் வசமாகிவிட்டன.

இதற்கான காரணங்கள் இரகசியமானவையல்ல. காப்புறுதி நிறுவனங்களுடன் கட்டணம் குறித்துப் பேரம் பேசும் பலம் சிறிய நிலையங்களுக்கு இல்லை. கணினி மயப்படுத்தப்பட்ட பதிவேடுகளுக்கும் முன் அனுமதி பெறும் எழுத்து வேலைகளுக்கும் ஆகும் செலவோ கூடிக்கொண்டே செல்கின்றது. இந்நிலையில் பெருந்தொகைப் பணத்துடன் வாசலுக்கு வரும் முதலீட்டாளரை, ஓய்வு பெறும் வயதை அண்மித்த மூத்த பங்காளிகள் வரவேற்பதில் வியப்பில்லை. ஆனால், அப்பணம் அவர்களுடன் போய்விட, ஒப்பந்தத்தின் சுமையை அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சுமப்பவர்கள் இளம் வைத்தியர்களே என்பதை மறந்துவிடலாகாது.

வர்த்தக நிறுவனங்கள் வைத்தியத் தொழிலை நடத்தலாகாது என்ற கோட்பாடு அங்கு பல மாநிலங்களின் சட்டத்தில் உண்டு. எனினும் அதனைச் சுற்றிச் செல்லவும் வழி கண்டறியப்பட்டது. நிலையத்தின் உரிமை பெயரளவில் ஒரு வைத்தியரிடம் இருக்கும். கணக்கு, ஆளணி, கட்டண அறவீடு அனைத்தும் முதலீட்டாளரின் முகாமைத்துவ நிறுவனத்திடம் இருக்கும். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக, காலப்போக்கில் வைத்தியரே வெளியில் நிற்க நேரிடுகின்றது.

இதன் விளைவுகளையும் அமெரிக்கா கண்டுள்ளது. அவசர சிகிச்சை வைத்தியர்களைப் பெருமளவில் பணிக்கமர்த்தியிருந்த என்விஷன் நிறுவனத்தை கே.கே.ஆர். முதலீட்டு நிறுவனம் 2018 இல் கடன்கள் உட்பட சுமார் 9.9 பில்லியன் டொலருக்குக் கொள்வனவு செய்தது. கடன் சுமையால் தத்தளித்த என்விஷன், 2023 மே மாதம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. அதே ஆண்டு செப்டெம்பரில், டெக்சாஸ் மாநிலத்தின் மயக்கமருந்து வைத்தியக் குழுக்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டணங்களை உயர்த்தியதாக யூ.எஸ். அனஸ்தீசியா பார்ட்னர்ஸ் மீதும் அதனை உருவாக்கிய வெல்ஷ் கார்சன் முதலீட்டு நிறுவனம் மீதும் மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. முதலீட்டு நிறுவனத்தை 2024 மே மாதம் நீதிமன்றம் வழக்கிலிருந்து விடுவித்தது. வைத்தியக் குழுவின் மீதான வழக்கு தொடர அனுமதிக்கப்பட்டது. இலாபத்தைத் திட்டமிட்டவர் விலக, குழு மாத்திரம் கூண்டில் நின்றது என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

இப்பின்னணியிலேயே ஒரிகன் மாநிலம் 2025 ஜூனில் புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. முகாமைத்துவ நிறுவனமும் அதனைச் சார்ந்தோரும் தாம் சேவை வழங்கும் வைத்திய நிலையத்தின் பெரும்பான்மைப் பங்குகளைக் கட்டுப்படுத்துவதை அது தடுக்கின்றது. வைத்தியர்களின் வாயைக் கட்டும் ஒப்பந்த நிபந்தனைகளையும் மட்டுப்படுத்துகின்றது. கலிபோர்னியாவும் அதே ஆண்டு ஒக்டோபரில், எத்தனை நோயாளிகளைப் பார்வையிட வேண்டும், எந்தப் பரிசோதனை தேவை என்பன போன்ற தீர்மானங்களில் முதலீட்டு நிதியங்கள் தலையிடுவதைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் விற்பனைப் பத்திரத்தில் இட்ட கையொப்பத்தைச் சட்டம் முற்றாக அழித்துவிடாது. வைத்தியக் குழுக்களின் தலைவர்கள் விலையை மாத்திரம் பார்க்காது, ஆளணியைத் தீர்மானிப்பவர் யார், நிறுவனம் மீண்டும் விற்கப்பட்டால் தமது நிலை என்ன, விலகிச் செல்பவர் அதே ஊரில் தொழில் புரிய முடியுமா என்பவற்றை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் பயன் தராது.

எமது நாட்டில் இலவச சுகாதார சேவை நிலைத்திருப்பதனால் நிலைமை வேறானது. எனினும் தனியார் வைத்தியசாலைகள் இங்கும் பெருகியுள்ளன. அவற்றைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவதற்கென 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. நிறுவனத்தின் தராதரத்தைப் போலவே வைத்தியரின் தீர்மானச் சுதந்திரமும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதை உரியவர்கள் இப்போதே சிந்திக்க வேண்டும். நோயாளி தனது உயிரை நம்பி ஒப்படைப்பது வைத்தியரிடமேயன்றி, அவருக்குப் பின்னால் நிற்கும் கணக்கேட்டிடம் அல்ல என்பதை இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம்.